இறப்பர் பால்ல செஞ்ச வெக்கியூம் பேக்: திருகோணமலை ஃபைபர் யார்டில நாங்க கண்டது

வெக்கியூம் இன்ஃபியூஷன் எண்டா மோல்டில (அச்சில) காஞ்ச கண்ணாடி நாரை அடுக்கி, மேல காத்துப் போகாத உறையால (அதுதான் பேக்) மூடி, உள்ள இருக்கிற காத்தை பம்பால இழுத்து அந்த இழுவையில ரெசின் எண்ட பிசினை ஓட விடுறது. அதைச் செய்யிற ஆக்களிட்ட எந்த வேலைக்கு கூட நேரம் போகுது எண்டு கேட்டுப் பாருங்க, ரெசின் ஓடுறதுக்கு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க, பேக் கட்டுறதுக்குத்தான் எண்டு சொல்லுவாங்க. நைலோன் பிலிமை வெட்டி, மோல்டைச் சுத்தி பசை ரேப் ஒட்டி, மூலைக்கு மூலை மடிப்பு வச்சு, பிறகு எங்க காத்து இழுக்குது எண்டு காதை வச்சுக் கேட்டுக்கொண்டு திரியுறது, எல்லாம் முடிஞ்சு ரெசினைத் திறந்தா அது சும்மா கொஞ்ச நேரத்தில ஓடி முடிஞ்சிடும். அடுத்த நாள் அந்த பிலிமும் ரேப்பும் ரெசின் பிடிச்ச ரியூப்பும் எல்லாம் குப்பைக்கு. அது உக்காது, எரிச்சா நச்சுப் புகை, கடற்கரைப் பக்கம் கிடந்தா காத்து அடிச்சு கடலுக்குள்ள போயிடும்.

எங்கட யார்டு பெரிய யார்டு இல்ல. திருகோணமலையில ஃபைபர் போட் திருத்துறது, அதுக்கு வேண்டிய மூடி, எஞ்சின் கவர், ஐஸ் பெட்டி மூடி, இருக்கைப் பலகை மாதிரிச் சாமான் செய்யிறதுதான் கூட. கொட்பே துறைமுகப் பக்கம் வாற பெரிய போட்டுகளுக்கு கிடங்கு மூடி வேணும், திருக்கடலூர், வீரநகர், கிண்ணியா, மூதூர் பக்கம் இருக்கிற சின்ன போட்டுகளுக்கு வேற மாதிரி. முக்கியமான விஷயம் என்னெண்டா இதெல்லாம் ஒரே மோல்டில திரும்பத் திரும்ப எடுக்கிற சாமான். 2022 இல டொலர் விலை ஏறி இறக்குமதிச் சாமான் ஒண்டும் ஒழுங்கா வராம, வந்தாலும் கைவைக்க ஏலாத விலையில இருக்கக்குள்ளதான் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பிலிம், ஒரு சுத்து ரேப் எண்டு எறியிறது எவ்வளவு பெரிய செலவு எண்டு நெஞ்சில அடிச்ச மாதிரி விளங்கினது. நாங்க வாங்குற பிலிம், ரேப் எல்லாம் வெளிநாட்டுச் சாமான், ஆனா இறப்பர் பால் நம்மட நாட்டில வடியுது. 1876 இல கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்தில முதல் இறப்பர் கண்டு நட்ட நாடு இது, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, இஞ்சால மொனராகலை எண்டு மரம் நிக்குது, அதை வச்சுக்கொண்டு நாங்க பிலிமுக்காகக் கப்பல் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லைத்தானே.

இறப்பர் பால்ல பேக் செய்யிறது எங்கட கண்டுபிடிப்பு இல்ல. வெளிநாட்டில கனகாலமா செய்யிறாங்க, ஸ்ப்ரே பண்ணிச் செய்யிற லேட்டக்ஸ் (இறப்பர் பால்) பேக், சிலிக்கோன் பேக் எண்டு ரெண்டு வகையும் இருக்கு. சிலிக்கோன் நல்ல சாமான், 200 டிகிரி கிட்ட சூடு தாங்கும், ரெசின் அதில ஒட்டவே ஒட்டாது, அடுப்பில வேக வைக்கிற கார்பன் வேலை செய்யிற ஆக்களுக்கு அதுதான் சரி. ஆனா விலை கூட, இன்னொண்டு சிலிக்கோன் துளி எங்கயாவது பட்டா பிறகு பெயின்ற் அடிக்கக்குள்ள அந்த இடத்தில பெயின்ற் விலகி கண் கண்ணாப் போகும், போட் வேலையில பெயின்ற் அடிக்காம ஒண்டும் வெளிய போறதில்ல. எங்களுக்கு அடுப்பும் இல்ல, சாதாரண சூட்டில இறுகிற பொலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்தான், அதுக்கு லேட்டக்ஸ் போதும். லேட்டக்ஸ் நல்லா இழுபடும், தன்ர நீளத்தைப் போல ஏழு எட்டு மடங்கு இழுத்தாலும் அறாது, அதால மூலைக்குள்ள போய் குந்தும். நைலோன் பிலிமில வாற பெரிய தலையிடியே மூலையிலதான், பிலிம் மூலைக்குள்ள இறங்காம பாலம் போட்ட மாதிரி நிண்டா அந்த இடத்தில வெறும் ரெசின் போய்த் தேங்கும், நார் இல்லாத ரெசின் கண்ணாடி மாதிரி வெடிக்கும். மூடியின்ர மூலை வெடிச்சு திரும்பி வாறது எல்லாம் அனேகமா அப்பிடி வந்ததுதான்.

பேக் செய்யிற விதத்தை விவரமா சொல்றன், ஏனெண்டா இதில விட்ட பிழைக்கு பிறகு மருந்து இல்ல. வாங்குறது முன்கூட்டியே வல்கனைஸ் பண்ணின (கந்தகம் சேத்து உறுதியாக்கின) லேட்டக்ஸ், அதாவது காஞ்சா போதும், தனியா அவிக்கத் தேவையில்ல. மரத்தில இருந்து வாற பால்ல இறப்பர் 30 வீதம் கிட்டத்தான் இருக்கும், சென்ரிஃபியூஜ்ல சுத்தி 60 வீதத்துக்குக் கொண்டு வந்து, கட்டியாகாம இருக்க அமோனியா போட்டு வரும். மூடியைத் திறந்தா மூக்கைப் பிடிச்சு இழுக்கும், அதால காத்தோட்டமான இடத்தில வச்சுத் திறக்கணும். முதல்ல மோல்டுக்குள்ள செஞ்சு முடிச்ச ஒரு நல்ல மூடியை அப்பிடியே விட்டு, ரெசின் போற வழிக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவுக்கு பிளாஸ்டிசின் களியால உருட்டி வச்சு, அதுக்கு மேலதான் பாலைப் பூசுறது. மூடி உள்ள இருக்க பூசுறதாலதான் பேக்குக்கு அந்தச் சாமானின்ர உருவமே வரும், பிறகு அது இழுபட்டுப் போய் குந்தத் தேவையில்ல, தன்ர இடத்தில தானா படுக்கும். மேற்பரப்பில மெழுகு கனக்க இருந்தா பால் உருண்டு உருண்டு விலகும், அதால மெழுகைத் துடைச்சுவிட்டு சுத்தமான ஜெல்கோட் (பளபளப்பான மேல் பூச்சு) மேல பூசினா போதும், காஞ்ச பிறகு தானா உரியும்.

ஒரே தரத்தில மொத்தமா ஊத்துற ஆக்கள் இருக்காங்க, அது சரிவராது, மேல தோல் கட்டி உள்ள வெள்ளையாவே கிடக்கும். மெல்லிசா, பல தரம் பூசணும், ஒவ்வொரு பூச்சும் வெள்ளை போய் தேன் நிறத்துக்கு வந்த பிறகுதான் அடுத்தது. எங்கயாவது வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அங்க இன்னும் தண்ணி இருக்கு எண்டு அர்த்தம், பொறுக்கத்தான் வேணும். முதல் பூச்சு எல்லாத்திலயும் மெல்லிசா இருக்கணும், ஏனெண்டா ரெசின் பக்கம் பாக்கிறது அதுதான், அதில ஒரு காத்துக்குமிழி இருந்தா அதுவே பிறகு ஓட்டையாகும். பாலைக் கலக்கக்குள்ளயும் மெதுவாக் கலக்கணும், முட்டை அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது. பிறஷ்ஷை பாலுக்குள்ள தோய்க்க முதல் சவர்க்காரத் தண்ணியில நனைச்சு உதறிட்டுத் தோய்ச்சா மயிருக்குள்ள இறப்பர் இறுகாது, இல்லாட்டி ஒரு பிறஷ் ஒரு பூச்சோட சரி.

இஞ்ச ஒரு விஷயம் திருகோணமலை ஆக்களுக்கு எண்டே சொல்லணும். பால் தடிப்பா இருந்தா தண்ணி விட்டு இளக்கிறது வழக்கம், ஆனா கிணத்துத் தண்ணி விட்டுடாதீங்க. கரையோரக் கிணறு எல்லாம் உப்பும் சுண்ணாம்பும் சேந்த தண்ணி, அந்தத் தண்ணி பட்டா பால் தயிர் மாதிரி திரளத் தொடங்கும். காருக்கு விடுற டிஸ்டில் வோட்டர் வாங்கி விடுறதுதான் சரி, அதிலயும் பட்டரிக் கடையில அசிட் போத்தலும் பக்கத்தில இருக்கும், மாறி எடுத்தா முழுப் பாலும் அந்த இடத்திலயே கட்டி. இறப்பர்த் தோட்டத்தில பாலை அசிட் விட்டுத்தானே சீற் ஆக்குறாங்க, அதே வேலைதான் நடக்கும்.

காயுற நேரம் காலத்தைப் பொறுத்தது. கச்சான் அடிக்கிற மாசங்கள்ல, மே தொடங்கி ஓகஸ்ட் செப்டெம்பர் மட்டும், காத்து வறண்டு அடிக்கும், நிழல்ல வச்சாலே பூச்சு சும்மா காயும். வாடைக்காலத்தில மழையும் ஈரமும், ஒரு பூச்சு காய ஒரு நாளே போயிடும், அப்ப பேக் செய்யிறது வீண் கரைச்சல், நாங்க பேக் செய்யிற வேலையை முழுக்க கச்சானுக்கு ஒதுக்கிறது. கெதியா காயட்டும் எண்டு வெயில்ல வைக்கக் கூடாது, மேல தோல் கட்டி உள்ளுக்குள்ள ஈரம் மாட்டும், அதோட வெயில் இறப்பருக்கே எதிரி. நிழல், ஃபேன் காத்து, அவ்வளவும்தான்.

தடிப்பு எவ்வளவு எண்டு கேக்கிறவங்களுக்கு: 2 மில்லிமீற்றர் போதும், விளிம்புக்கு 3 மட்டும் போகலாம். கணக்குப் பாக்கிறது சுகம். ஒரு சதுர மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் எண்டா காஞ்ச இறப்பர் கிட்டத்தட்ட 1.9 கிலோ, பால் 60 வீதம் எண்டதால 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல பால் வேணும். சிந்துறது, பிறஷ்ஷில போறது, விளிம்பு எல்லாம் சேத்து 4 கிலோ எண்டு வச்சுக்கொண்டு வாங்குங்க. ரியூப் உள்ள வாற இடம், கைபிடிச்சு உரிக்கிற ஓரம் இதுகளுக்கு நடுப் பூச்சுகளுக்குள்ள காயத்துக்குக் கட்டுற கோஸ் துணியை வச்சு மூடிப் பூசினா கிழியாது. ஆனா மூலையிலயும் வளைவிலயும் துணி வைக்கக் கூடாது, துணி இருந்தா இழுபடாது, இழுபடாட்டி பிறகு நைலோன் பிலிமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். முழுக்கக் காஞ்ச பிறகு டல்க் பவுடர் போட்டுப் போட்டுத்தான் உரிக்கணும், புது இறப்பர் தன்னோட தானே ஒட்டினா பிரிக்க ஏலாது. உரிச்சதைச் சுத்தமான தண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி விட்டா உள்ள இருக்கிற புரதமும் மிச்ச மருந்தும் கழுவுப்படும். லேட்டக்ஸ் ஒத்துவராத ஆக்களுக்கு அலர்ஜி வாறது அந்தப் புரதத்தாலதான், யார்டில ஆருக்காவது இறப்பர் கையுறை போட்டா கை தடிக்கிற பழக்கம் இருந்தா அவரை இந்த வேலைக்கு விடாதீங்க.

இனி விளிம்பு. நான் இந்த முழுக் கதையிலயும் ஒண்டை மட்டும் நினைவில வைக்கச் சொன்னா இதைத்தான் சொல்லுவன். லேட்டக்ஸ் பேக் நல்லதா கூடாதா எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறது எல்லாம் அனேகமா பேக்கைப் பத்தினது இல்ல, மோல்டின்ர விளிம்பைப் பத்தினது. பசை ரேப் போடுற வேலையில மோல்டின்ர விளிம்பு ஒரு விரலளவு இருந்தாலும் சமாளிக்கலாம், கரடுமுரடா இருந்தா ரேப் நிரப்பிக்கொள்ளும். ரேப் இல்லாம பேக்கைத் தூக்கிப் போட்ட உடன காத்து அடைபடணும் எண்டா விளிம்பு 10 இல இருந்து 15 சென்ரிமீற்றர் அகலம் வேணும், ஜெல்கோட் பளபளப்பு வேணும், ஒரு கீறல் கூட குறுக்கால ஓடக் கூடாது. எங்கட பழைய மோல்டுகளுக்கு இருந்தது ஒடுங்கின விளிம்பு, அதுக்கு மேல எவ்வளவு நல்ல பேக் போட்டாலும் வெக்கியூம் கேஜின்ர ஊசி கீழ இறங்கிக்கொண்டே இருக்கும்.

எங்களோட மூதூர் நானா ஒருத்தர் வேலை செய்யிறார், மோல்டு வேலையில அவருக்கு மிஞ்சின கை நான் பாக்கல. அவர்தான் ஒருநாள் ஊசியைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "தம்பி, இறப்பர் ஒண்டும் செய்யல்ல, தரைதான் சரியில்ல. நீங்க பாயை மாத்தி மாத்தி விரிக்கிறீங்க, நான் தரையை மெழுகித் தாறன்" எண்டு சொல்லிட்டு மோல்டைச் சுத்தி புது விளிம்பு கட்டினார். பழைய விளிம்பைத் தேச்சு, நேரான மெலமைன் பலகையைக் கீழ பிடிச்சு, ஜெல்கோட் அடிச்சு, பின்னால மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு அகலமாக்கி, 1000 நம்பர் தாள் மட்டும் தேச்சு பொலிஷ் பண்ணினார். அதோட விளிம்புக்கு நடுவால ஒரு சின்ன வாய்க்கால் ஓட விட்டார், அதுதான் கதையை மாத்தினது.

அந்த வாய்க்காலைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அந்த வாய்க்கால்தான் பேக்கின்ர ஓரத்தில ஒரு தனி வெக்கியூம் வளையம், உள்ள சாமான் இருக்கிற இடத்துக்கு இன்னொரு வெக்கியூம், ரெண்டுக்கும் வேற வேற லைன், வேற வேற வால்வ். பேக்கைப் போட்ட உடன முதல்ல வளையத்தை மட்டும் முழுசா இழுக்கிறது, வளையம் இறுக்கிப் பிடிச்ச பிறகுதான் உள்பக்கத்தை இழுக்கிறது. இதில பெரிய நன்மை பிறகு வரும்: ரெசின் நிரம்பின பிறகு உள்பக்க வெக்கியூமைக் குறைக்க வேண்டி வரும், அப்ப வளையம் முழு இழுவையில இருக்கிறதால பேக் அசையாது. ஒரே லைன்ல எல்லாத்தையும் வச்சா உள்ளுக்குள்ள குறைக்கக்குள்ள ஓரமும் தளரும், காத்து உள்ள போகும், அந்தச் சாமான் போச்சு.

வெக்கியூம் எண்டா சும்மா உறிஞ்சிறது எண்டு நினைக்கிற புதுப் பெடியன்களுக்கு நான் ஒரு கணக்கு சொல்லுறது. எங்களைச் சுத்தி இருக்கிற காத்து ஒரு சதுர மீற்றருக்கு 10 தொன் கிட்ட அமத்துது, உள்ள காத்தை எடுத்தா அந்த அமத்தம் முழுக்க பேக்குக்கு மேல வந்து விழும். 60 சென்ரிமீற்றருக்கு 90 சென்ரிமீற்றர் மூடி எண்டா 5 தொன்னுக்கு மேல. மோல்டு மெல்லிசா இருந்தா வளையும், விளிம்பு நெளியும், நெளிஞ்சா காத்து. அதால மோல்டுக்குப் பின்னால சட்டம் வைக்காம இந்த வேலைக்கு வரக் கூடாது.

ரெசின் திறக்க முதல் கட்டாயம் செய்யிறது ஒண்டு இருக்கு, பம்ப் லைனைப் பூட்டிட்டு 10, 15 நிமிசம் கேஜைப் பாக்கிறது. ஊசி அசையாட்டி ரெசின் திறக்கலாம், அசைஞ்சா எங்க எண்டு தேடணும். லேட்டக்ஸ் பேக்கில ஓட்டை தேடுறது நைலோனை விட லேசு, கழட்டி வெளிச்சத்துக்கு எதிரா இழுத்துப் பிடிச்சா ஊசித்துளை கூட மின்னும். அந்த இடத்தைக் கழுவி, லேசாத் தேச்சு, அதே பாலைப் பூசி மெல்லிய லேட்டக்ஸ் துண்டு வச்சு மேலயும் பூசி காய விட்டா சரி. சிலிக்கோன் போட்டு அடைக்கலாமே எண்டு கேப்பாங்க, வேணாம், லேட்டக்ஸ்ல இருக்கிற கந்தகம் நல்ல வகைச் சிலிக்கோனை இறுக விடாது, பிசுபிசு எண்டே கிடக்கும். இறப்பர் தன்ர பாட்டில கொஞ்சம் காத்தை விடும் எண்டதும் உண்மை, நைலோன் அளவுக்கு அடைக்காது, சைக்கிள் ரேஸ் ஓடுற ஆக்களின்ர லேட்டக்ஸ் ரியூப்புக்கு அடிக்கடி காத்து அடிக்க வேண்டியிருக்கிறதும் அதாலதான். 2 மில்லிமீற்றர் தடிப்பில ரெசின் இறுகிற நேரத்துக்குள்ள அது ஒரு பிரச்சினையா வாறதில்ல, ஆனா பம்பை ஓட விடுறதுதான் நல்லம்.

ரெசினைப் பத்தியும் ஒரு சொல். கையால பூசுற ரெசின் சுவர்ல வழியாம நிக்கிறதுக்கு எண்டு தடிப்பாக்கின சாமான், அதை இன்ஃபியூஷனுக்கு எடுத்தா பாதி வழியில நிண்டிடும். இதுக்கு எண்டு தண்ணி மாதிரி ஓடுற ரெசின் தனியா கேட்டு வாங்கணும். உள்ள வைக்கிற நாருக்கும் அப்பிடித்தான், நடுவில பொலிப்புரொப்பிலீன் பின்னல் உள்ள மேட் கிடைச்சா ரெசின் அந்த நடுவாலயே ஓடும், மேல மெஷ் (ரெசின் ஓட வழிவிடுற வலை) போடத் தேவையில்ல, மெஷ் இல்லாட்டி எறியிற குப்பையும் இல்ல. பீல் பிளை (ரெசின் இறுகின பிறகு உரிச்சு எடுக்கிற துணி) மட்டும் நாங்க விடுறதில்ல. பேக்கில ரெசின் ஒட்டாது, பீல் பிளை இல்லாமலும் செய்யலாம், ஆனா அது நடுவில இருந்தா ரெசினில இருந்து பேக்குக்குப் போற ஸ்டைரீன் எண்ட கரைப்பான் குறையும், சாமானின்ர பின்பக்கமும் ஒட்டு வேலைக்கு ரெடியா கரடா வரும்.

சூட்டில வாற பிரச்சினை ரெண்டு. பொலியெஸ்டருக்குள்ள இருக்கிற ஸ்டைரீன் வெக்கியூம்ல கொதிக்கும், 20 டிகிரியிலயே 7 மில்லிபார் கிட்ட அதுக்கு ஆவி அமுக்கம் இருக்கு, எங்கட யார்டுத் தகரக் கூரைக்குக் கீழ மத்தியானச் சூட்டில அது இன்னும் கூட. அதால ரெசின் நிரம்பி முடிஞ்ச உடன உள்பக்க இழுவையை அரைவாசிக்குக் குறைக்கிறம், வளையம் அப்பிடியே முழுசா இருக்கும். குறைக்காட்டி சாமான் முழுக்க நுரை நுரையா சின்னக் குமிழி. மற்றது ஜெல் ஆகிற, அதாவது ரெசின் இறுகத் தொடங்கிற நேரம். மத்தியானத்தில ரெசின் மூலைக்குப் போக முதலே இறுகப் பாக்கும், அதுக்கு எண்டு ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கிற மருந்தை) ஒரு வீதத்துக்குக் கீழ குறைச்சா முழுசா இறுகாம சாமான் பலம் இல்லாமப் போகும். விடியக்காலையில, சூரியன் கூரைக்கு வர முதல் ஊத்துறதுதான் எங்களுக்குச் சரிவந்த வழி, ஹார்ட்னர் அளவில கை வைக்கத் தேவையில்ல.

தடிப்பான சாமானை இந்தப் பேக்கில ஒரே தரத்தில எடுக்காதீங்க. ரெசின் இறுகக்குள்ள தானாச் சூடாகும், 4, 5 மில்லிமீற்றர் மூடிக்கு அது பெரிய சூடு இல்ல, ஆனா தடிச்ச இடத்தில 100 டிகிரியையும் தாண்டும். லேட்டக்ஸ் 70, 80 டிகிரிக்கு மேல போனா கெதியா கிழடாகும், ஒவ்வொரு சூட்டுக்கும் இழுவை குறைஞ்சு குறைஞ்சு பிறகு கையில பிடிக்கக்குள்ளயே வெடிப்புத் தெரியும். எஞ்சின் தாங்கிற இடம் மாதிரித் தடிப்பு வேணுமெண்டா ரெண்டு தரமா செய்யிறதுதான் பேக்குக்கும் நல்லம், சாமானுக்கும் நல்லம், இல்லாட்டி சூட்டில சாமானும் நெளிஞ்சு வரும்.

கறண்ட் போறதைப் பத்தி வெளிநாட்டு ஆக்கள் எழுதுறதில்ல, எங்களுக்கு அது எழுதாம ஏலாது. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாம இருந்த நாடு இது. பம்ப் நிண்டா என்ன நடக்கும் எண்டு முதலே யோசிச்சு வச்சிருக்கணும். பம்புக்கும் பேக்குக்கும் நடுவில ஒரு திரும்பாத வால்வும், ஒரு இரும்புத் தாங்கியும் வச்சா, பம்ப் நிண்டாலும் தாங்கிக்குள்ள இருக்கிற வெக்கியூம் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டி தாங்கி செய்யிற ஆக்கள் இருக்காங்க, உள்ள கேஸ் மிச்சம் இருந்தா வெல்டிங் பிடிக்கக்குள்ள வெடிக்கும், அதுக்குப் போகாதீங்க, பழைய எயார் கொம்பிரெசர் தாங்கி போதும். ரெசின் நிரம்பின பிறகு கறண்ட் போனா லைன் எல்லாத்தையும் கிளிப் போட்டு இறுக்கிட்டு இருந்தா விளிம்பு நல்லா இருக்கிற பேக் ஜெல் ஆகிற மட்டும் பிடிக்கும். விளிம்பு நல்லா இருக்கிற பேக் எண்டதைக் கவனிங்க, அந்த நேரத்திலதான் நானா கட்டின விளிம்பின்ர அருமை தெரியும்.

இனி பேக்கைக் காப்பாத்திற விஷயம். இறப்பருக்கு எதிரிகள் கனக்க, அதில பாதி எங்கட யார்டிலயே இருக்கு. ஸ்டைரீன் முதல் எதிரி, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் ஸ்டைரீன் இறப்பருக்குள்ள ஊறி அது வீங்கும், உடனே அடுத்த சாமானுக்குப் போட்டா வீக்கத்தோட போடுறம். அதால ஒரு மோல்டுக்கு ரெண்டு பேக் வச்சு மாத்தி மாத்தி பாவிச்சா ஒண்டு ஆவி போய் பழைய நிலைக்கு வர மற்றது வேலை செய்யும், தனிய ஒண்டை அடிச்சுப் பாவிக்கிறதை விட ரெண்டும் சேந்து கனகாலம் வரும், இது எங்கட அனுபவத்தில அசைக்க ஏலாத விஷயம். அடுத்தது எண்ணெய். கிறீஸ், வாஸ்லின், டீசல் பட்ட கை எதுவும் லேட்டக்ஸ்ல படக் கூடாது, எஞ்சின் திருத்திற பெடியன் வந்து உதவிக்குப் பேக்கைத் தூக்கினா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. அசிற்றோன் போட்டுத் துடைக்கிற பழக்கமும் வேணாம், இளஞ்சூட்டுத் தண்ணியும் சவர்க்காரமும் போதும், ஒட்டின ரெசின் துண்டு பேக்கை இழுத்து விட்டா தானா தெறிக்கும்.

ஆக்கள் யோசிக்காத ஒண்டு செம்பு. செம்பும் மங்கனீசும் இறப்பரை உள்ளுக்குள்ளயே அரிக்கும், அதால பேக்கில வைக்கிற ஃபிட்டிங் பித்தளையா இருக்கக் கூடாது, பிளாஸ்ரிக் இல்லாட்டி ஸ்ரெயின்லெஸ். பித்தளை ஃபிட்டிங் வச்ச பேக்கில அதைச் சுத்தி மட்டும் பிசுபிசுத்து கறுத்து வாறதை நாங்களே கண்டம், மிச்ச இடம் எல்லாம் புதுசா இருக்கக்குள்ள. அதே மாதிரி வெல்டிங் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில பேக்கைத் தொங்க விடாதீங்க, வெல்டிங் நெருப்பில ஓசோன் வரும், ஓசோன் இழுபட்டு இருக்கிற இறப்பரைத்தான் தேடிப் பிடிச்சு வெடிக்க வைக்கும். மடிச்சும் வைக்கக் கூடாது, ஆணியில தொங்கவும் விடக் கூடாது, ரெண்டிலயும் ஒரு இடம் இழுபட்டு நிக்கும். பழுதாப்போன ஒரு மூடியை எறியாம வச்சு அதுக்கு மேல பேக்கைப் படுக்க விட்டு, டல்க் போட்டு, கறுப்புப் பொலித்தீனால மூடி இருட்டில வைக்கிறது. நிலாவெளி பக்கம் கடற்கரையோட வேலை செய்யிற ஆக்கள் இதைக் கவனிங்க, வெயில் நேராப் படாட்டியும் மணல்ல இருந்து தெறிக்கிற வெளிச்சம் போதும் இறப்பரைக் கெடுக்க.

என்ன லாபம் எண்டு கேட்டா காசு மட்டும் இல்ல. திறந்து வச்சு கையால ரெசின் பூசுற யார்டில ஸ்டைரீன் மணம் ரோட்டு மட்டும் வரும், அந்த மணத்துக்குள்ள காலம் முழுக்க நிண்ட ஆக்களின்ர தலையிடியும் கண்ணெரிவும் எங்களுக்குத் தெரியும், 2018 இல ஸ்டைரீனை அனேகமாப் புற்றுநோய் தரக்கூடியது எண்ட வகைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மாத்தி வச்சது. பேக்குக்குள்ள ரெசின் ஓடினா அந்த மணம் பெரும்பகுதி உள்ளயே நிக்கும். இன்ஃபியூஷன் எல்லாத்துக்கும் இது பொது, ஆனா பேக் கட்டுற கரைச்சலுக்குப் பயந்து திரும்பக் கைப்பூச்சுக்கே போற யார்டுகள் கன இருக்கு, தூக்கிப் போட்டா வேலை முடியுற பேக் கையில இருந்தா அவங்க திரும்பிப் போகமாட்டாங்க. நான் இந்தப் பேக்கில பிடிவாதமா நிக்கிறதுக்கு முதல் காரணம் அதுதான், அந்த மணத்துக்குள்ள நிக்கிறது எங்கட வீட்டுப் பிள்ளைகள். சாமானும் லேசா வரும், மேட்டைக் கையால பூசினா நிறையில கண்ணாடி நார் 30 வீதம் கிட்ட, மிச்சம் ரெசின். வெக்கியூம்ல நார் கூட, ரெசின் குறைய. கிடங்கு மூடியை ஒரு கையால தூக்கிற அளவுக்கு வந்ததைப் பாத்து ஒரு போட்காரர், "என்ன தம்பி, ரெசின் குறைச்சுப் போட்டு ஏமாத்துறீங்களா" எண்டு கேட்டார், நாங்க அதை நிலத்தில வச்சு அவரையே ஏறி நிக்கச் சொன்னம், பிறகு அவர் ரெண்டு மூடிக்கு ஓடர் தந்தார்.

இது எல்லாத்துக்கும் பொருந்தாது எண்டதையும் சொல்லணும். ஒரே ஒருக்கா எடுக்கிற சாமானுக்கு நைலோன் பிலிம்தான் சரி, பேக் செய்யிற பாலும் கூலியும் மிச்சமாகாது. முழுப் போட் உடம்புக்கு பேக் செய்யலாமா எண்டு கேக்கிறாங்க, செய்யிறாங்கதான், ஆனா 20 அடிப் பேக்கின்ர பாரத்தைக் கணக்குப் பாருங்க, தூக்கிப் போடவே நாலஞ்சு பேரும் ஒரு பளுதூக்கியும் வேணும், மாசத்துக்கு ஒரு போட் கட்டுற யார்டுக்கு அது தேவையில்ல. எங்கட கணக்கு இதுதான்: பாலின்ர விலையையும் செஞ்ச ஆளின்ர கூலியையும் கூட்டி, ஒரு தரம் பிலிமுக்கும் ரேப்புக்கும் அதை ஒட்டுற நேரத்துக்கும் போற காசால பிரிச்சுப் பாருங்க, வாற எண்ணிக்கைக்கு மேல அந்தச் சாமானை நீங்க இந்த வருசம் எடுப்பீங்கள் எண்டா பேக் செய்யுங்க, இல்லாட்டி விடுங்க. பிரிக்கக்குள்ள நேரத்தை மறக்கக் கூடாது, ரேப் ஒட்டுற நேரம்தான் பிலிமை விட விலை கூட.

பேக்கின்ர ஆயுள் முடியுறது எப்பிடித் தெரியும் எண்டா, உரிச்ச பிறகு அது பழைய உருவத்துக்குத் திரும்பாம தொளதொள எண்டு நிக்கும், விளிம்பில விரலால இழுத்து விட்டா சின்னச் சின்ன வெடிப்பு குறுக்கால தெரியும். அந்த நேரம் இன்னொரு ஒட்டுப் போட்டு இன்னும் ரெண்டு மூடி எடுப்பம் எண்டு நிக்காம மாத்திடணும், ஒரு மூடிக்குப் போற ரெசினும் நாரும் பேக்கை விட விலை. நடுப்பகுதி அனேகமா நல்லா இருக்கும், அதைத் துண்டு துண்டா வெட்டி கிளாம்ப் பிடிக்கிற இடத்தில ஜெல்கோட் கீறுப்படாம வைக்கவும், அடுத்த பேக்குக்கு ஒட்டுத் துண்டாவும் நாங்க எடுத்து வைக்கிறம், வெட்டின திகதியை அதில எழுதி.